மலையேறும் காரின் மூச்சடைப்பு

கினிகத்தேனையைத் தாண்டி ஹட்டனுக்கு ஏறும் வீதியில், அதுவரை ஒழுங்காக ஓடிய பழைய கார் திடீரென இழுக்க மறுக்கும். கியரை இறக்கி எக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் சத்தம்தான் கூடும், வேகம் கூடாது. பிளக்கையும் பில்டரையும் மாற்றியும் சரிவராவிட்டால் வண்டிக்கு அடியில் பாருங்கள். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையிலுள்ள வினையூக்கி மாற்றி, அதாவது கன்வெர்ட்டர், அடைபட்டிருக்கலாம்.

அந்த உலோகக் கூட்டுக்குள் தேனடை போல நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி இருக்கிறது. துளைச் சுவர்களில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகியவை மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு, எரியாத பெற்றோல் ஆவி, நைதரசன் ஒட்சைட்டுகள் மூன்றும் இவற்றின் மேல் பட்டு காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் நைதரசனாகவும் மாறுகின்றன. இது நடக்க ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பனிக்காலைகளில் கடைவரை போய்த் திரும்பும் வண்டியில் கன்வெர்ட்டர் சூடேறுவதற்குள் பயணமே முடிந்துவிடும்.

மலைநாட்டில் இதற்கு இன்னொரு சோதனையும் உண்டு. நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். பழைய காபரேட்டர் இதை அறியாது. காற்று குறைந்தாலும் பெற்றோலை அதற்கேற்பக் குறைக்காது. எரியாமல் மிஞ்சும் பெற்றோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். பிளக் ஒன்று சரியாகப் பொறி விடாவிட்டாலும் இதே கதிதான். சூடு எல்லை மீறினால் பீங்கான் உருகித் துளைகள் அடைபடும். எஞ்சின் ஒயில் எரிந்தால் அதன் சாம்பல் பூச்சை மூடும். ஈயமும் அதற்கு நஞ்சு. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல்தான் நிறுத்தப்பட்டது.

ஆகவே கன்வெர்ட்டரைக் கெடுத்தது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதைத் திருத்தாமல் புதியதைப் பூட்டினால் அதுவும் சில மாதங்களில் போய்விடும். அடைப்பு உண்டா என்று உறுதிசெய்ய, முன்பக்க ஒட்சிசன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பூட்டி, எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடவிடுங்கள். 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் அடைப்பு இருப்பதாகக் கொள்ளலாம்.

இரு முனையும் நட்டு போட்டு இணைத்த கன்வெர்ட்டரை வீட்டிலேயே மாற்றலாம். வெல்டிங் செய்ததை கராஜில் கொடுப்பதே நல்லது. சரிவான முற்றத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். சமதரையில் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஜாக்கால் தூக்கிய வண்டியைத் தாங்கிகளில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள். வண்டி நன்றாக ஆறட்டும். மலைநாட்டு மழையில் துருவேறிய நட்டுகளுக்கு முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். சென்சரைப் பெரும்பாலும் 22 மில்லிமீற்றர் ஸ்பேனரால் கழற்றலாம்.

கழற்றியதைக் குலுக்கிப் பாருங்கள். கலகலத்தால் உள்ளே பீங்கான் நொறுங்கியிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரியாவிட்டால் அடைபட்டுவிட்டது. அந்தத் தூளைச் சுவாசிக்காதீர்கள். புதியதைப் பூட்டும்போது அம்புக்குறி சைலன்சர் பக்கம் நோக்கவேண்டும். கேஸ்கட் இரண்டும் புதிதாக இருக்கவேண்டும். கொட்டகைக்குள் அல்ல, திறந்தவெளியில் எஞ்சினை ஓட்டி இணைப்புகளில் புகை கசிகிறதா என்று பாருங்கள்.

செலவுக்குப் பயந்து பலர் கன்வெர்ட்டரை அகற்றிவிட்டு வெறும் குழாயைப் பூட்டுகிறார்கள். இழுவை திரும்பும், நஞ்சும் திரும்பும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் நடக்கும் புகைப் பரிசோதனை காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும்தான் அளக்கிறது. ஆனால் சான்றிதழைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எங்கள் வீதிகள் லயன் வாசல்களையும் பாடசாலைகளையும் உரசிக்கொண்டே போகின்றன. வண்டி கக்குவதை முதலில் சுவாசிப்பவர்கள் ஓரமாக நடந்துபோகும் பிள்ளைகளும் கொழுந்துக் கூடையோடு திரும்பும் பெண்களும்தான். வெறும் குழாயைப் பூட்டாதீர்கள்.