ஓர் இலையும் இரு சட்டங்களும்

1975-ஆம் ஆண்டில் நம் பாராளுமன்றம் புகையிலையைப் பற்றி இரண்டு சட்டங்களை இயற்றியது. புகையிலைச் சாகுபடியையும் ஏற்றுமதியையும் பேணி வளர்ப்பதற்காக, குண்டூரைத் தலைமை இடமாகக் கொண்ட புகையிலை வாரியம் உருவாவதற்கு ஒன்று வழிசெய்தது. சிகரெட் பெட்டி ஒவ்வொன்றின் மீதும் அது உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும் என்று அச்சிட்ட பிறகே விற்க வேண்டுமென மற்றொன்று விதித்தது. பயிரிடுபவனுக்கு ஆதரவும் புகைப்பவனுக்கு எச்சரிக்கையும் ஒரே சபையில் ஒரே வருஷத்தில் பிறந்ததைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால், வருமானத்தையும் ஜனங்களின் பிழைப்பையும் ஆரோக்கியத்தையும் ஒருசேரக் காக்கக் கடமைப்பட்ட எந்தச் சர்க்காருக்கும் நேரக்கூடிய தர்மசங்கடமே இது. ஆகையால் நகைப்பை ஒதுக்கிவிட்டு, அந்த எச்சரிக்கை யாரைச் சென்று அடைந்தது, யாரை அடையவில்லை என்று ஆராய்வதே பயனுடையது.

மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக 2016-17-இல் நாடெங்கும் நடத்தப்பட்ட கணக்கெடுப்பின்படி, பதினைந்து வயது நிரம்பியவர்களில் நூற்றுக்கு 28.6 பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். ஒருவரே இரு வகையிலும் சேரக்கூடும் என்றாலும், அந்த வயதினர் அனைவரிலும் வகை பிரித்துப் பார்த்தால், மெல்லுதல் முதலான புகையில்லாத வழக்கங்கள் உடையவர்கள் 21.4 சதவீதம், பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் பிடிப்பவர்களோ நான்கு சதவீதமே. ஆக, 1975-ஆம் வருஷத்துச் சட்டம் சிகரெட்டை மட்டுமே குறிவைத்தபோது, தேசத்தின் புகையிலைப் பழக்கத்தில் மிகச் சிறிய பகுதியையே அது தொட்டது. வெளிநாடுகளில் புகையிலையால் வரும் வியாதிகளுக்குச் சிகரெட்டே பிரதான காரணமாய் இருந்ததாலும், ஆலையில் உற்பத்தியாகிப் பெட்டியில் அடைபட்டு வருவதால் அதைக் கண்காணிப்பது சுலபமாய் இருந்ததாலும், சட்டத்தின் பார்வை முதலில் அங்கே விழுந்தது இயல்பே.

புகையிலையின் வசீகரமும் அதன் விஷமும் வெவ்வேறு பொருள்களில் உறைகின்றன. வசீகரம் நிகோடினைச் சேர்ந்தது. இழுத்த புகையிலிருந்து சில விநாடிகளில் மூளையை எட்டும் இந்தப் பொருள், அசிடைல்கோலின் என்னும் இயற்கையான ரசாயனத்துக்கென்று நரம்பணுக்களில் அமைந்துள்ள ஏற்பிகளில் தானே போய்ப் பொருந்தி, டோபமின் சுரப்பைத் தூண்டி, ஒரு சிறு திருப்தியை உண்டாக்குகிறது. நாளடைவில் அந்த ஏற்பிகள் பெருகிவிடுவதால், நிகோடின் இல்லாத நேரமே ஒரு வேதனையாகி, வேதனையைத் தணிப்பதே சுகம் என்ற நிலை வந்துவிடுகிறது. விஷமோ பெரும்பாலும் மற்றவற்றைச் சேர்ந்தது. எரிவதால் பிறக்கும் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் ஒருபுறமிருக்க, நைட்ரோசமீன்கள் என்னும் புற்றுநோய்க் காரணிகள் இலையை உலர்த்திப் பதப்படுத்தும்போதே உருவாகிவிடுகின்றன. நெருப்பே படாத மெல்லும் புகையிலையும் வாயில் புற்றை விளைவிப்பதற்கு இதுவே காரணம். அதோடு கலக்கும் சுண்ணாம்பு உமிழ்நீரின் காரத்தன்மையை உயர்த்தி, நிகோடின் கன்னத்தின் உட்சவ்வு வழியாக விரைந்து ரத்தத்தில் கலக்க வழிசெய்கிறது. உடன் மெல்லும் பாக்கும் தன் பங்குக்கு வாயின் உட்சவ்வை இறுக்கி, வாயைத் திறக்கவே முடியாதபடி செய்யும் நார்த்திசு நோயைக் கொண்டுவருகிறது.

பீடியின் விஷயமும் இப்படிப்பட்டதே. சிகரெட்டைவிட மிகக் குறைந்த புகையிலையே அதில் இருப்பதால் தீங்கும் குறைவு என்று பலர் நம்புகிறார்கள். ஆனால், காகிதத்தைப்போல் காற்றை ஊடுருவ விடாத இலையில் சுற்றப்பட்டிருப்பதால், அணையாமல் இருக்க அதை அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. அவ்விதம் இழுப்பவனின் நெஞ்சுக்குள் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் தாராளமாகவே சென்று சேர்கின்றன.

புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை 1950-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்னும் இருவர் ஐயந்திரிபற எடுத்துக்காட்டினார்கள். அது முதல் புகைத்தல் என்றால் புற்றுநோய் என்ற எண்ணமே உலகெங்கும் வேரூன்றியது. நம் நாட்டில் புகைப்பவன் உண்மையில் எந்த நோயால் மடிகிறான் என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு சென்றது. விடை கிடைத்த இடம் தமிழ்நாடு. சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலக்ஷ்மியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் சகாக்களும், சென்னை நகரிலும் கிராமப் பகுதியிலும் இறந்த சுமார் 43,000 ஆண்களின் பழக்கங்களை விசாரித்தறிந்து, உயிரோடிருந்த 35,000 ஆண்களுடன் ஒப்பிட்டு, 2003-இல் 'லான்செட்' பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். புகைப்பவன் க்ஷயரோகத்தால் இறக்கும் அபாயம் புகைக்காதவனைவிட நான்கு மடங்குக்கும் அதிகம்; ஆண்களின் க்ஷயரோக மரணங்களில் ஏறக்குறைய பாதிக்குப் புகைத்தலே காரணம் என்று அவர்கள் கண்டார்கள். மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்யும் நுண்மயிர்களைப் புகை செயலிழக்கச் செய்து, கிருமிகளை விழுங்கும் அணுக்களையும் நலியச் செய்வதால், நம்மில் கோடிக்கணக்கானோரின் உடலில் உறங்கிக்கிடக்கும் க்ஷயக் கிருமி கண் விழிக்கிறது.

அதே 2003-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் பழைய குறையை உணர்ந்தே எழுந்தது. சிகரெட்டோடு பீடி, சுருட்டு, மெல்லும் புகையிலை ஆகிய அனைத்தையும் அது தன் வரம்புக்குள் கொண்டுவந்தது, விளம்பரத்தைத் தடுத்தது, பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கும், பள்ளி கல்லூரிகளிலிருந்து நூறு கஜ தூரத்துக்குள்ளும் விற்பதை விலக்கியது. பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கும் விதிகள் 2008-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று அமலுக்கு வந்தன. எழுத்தறியாதவனுக்கு எழுத்தாலான எச்சரிக்கை பயன்படாதாகையால், 2009 முதல் படமும் சேர்ந்தது. 2016 முதல் அது பெட்டியின் இருபுறமும் 85 சதவீத இடத்தைப் பிடித்துக்கொண்டது. இம்முயற்சிகள் வீண்போகவில்லை: 2009-10-இல் 34.6 சதவீதமாக இருந்த புகையிலைப் பழக்கம் ஏழாண்டுகளில் 28.6-ஆக இறங்கியது.

எனினும், சட்டத்தின் கை எட்டாத இடங்கள் பல. பெட்டிக்கடையில் சிகரெட்டை ஒவ்வொன்றாக வாங்குபவன் பெட்டியின் படத்தைக் காண்பதே இல்லை. உணவுப்பண்டத்தில் புகையிலை சேரலாகாது என்ற 2011-ஆம் ஆண்டு விதியைக் கொண்டு மாநிலங்கள் குட்காவைத் தடை செய்தபோது, பான் மசாலாவை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை இன்னொன்றிலும் அடைத்து, கலக்கும் வேலையை வாங்குபவனிடமே விட்டுவிட்டார்கள் வியாபாரிகள். 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது சிகரெட்டின் மீது சுமத்தப்பட்ட இழப்பீட்டு மேல்வரி பீடியின் மீது சுமத்தப்படவில்லை.

பீடியின் மீது காட்டப்படும் இந்தத் தயவுக்குச் சொல்லப்படும் நியாயம், அதைச் சுற்றும் கைகள். திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பகுதிகளில் சொளகை மடியில் வைத்துக்கொண்டு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு இலை சுற்றும் பெண்களின் பிழைப்பை ஒருநாளில் பறிப்பது அநியாயம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், நாள் முழுதும் புகையிலைத் தூசைச் சுவாசித்து, தோல் வழியே நிகோடினை ஏற்கும் அந்தப் பெண்ணுக்கு, வரிச்சலுகையால் கூலி உயர்ந்துவிடுவதில்லை. விலை மலிந்த பீடி ஏழைக் கூலியாளின் கைக்கு எட்டும் தூரத்தில் நிலைத்திருப்பதே அதன் பலன். சுற்றுபவளைக் காப்பாற்ற வேண்டுமானால், அவளுக்கு வேறு தொழிலைக் கற்பித்து, அது ஊன்றும்வரை உதவித்தொகை கொடுப்பதே நேர்வழி. அதற்கான பணத்தைப் பீடியின் மீது உயர்த்தும் வரியிலிருந்தே எடுக்கலாம்.

ஐம்பது ஆண்டுகள் ஆங்கிலேய டாக்டர்களைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் டால் வெளியிட்ட கணக்கில், புகைப்பவர்கள் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழந்தார்கள். அறுபது வயதில் விட்டவர்களும் மூன்றாண்டுகளையும், நாற்பதில் விட்டவர்கள் ஒன்பதையும் மீட்டுக்கொண்டார்கள். அவ்விதம் மீளும் வாய்ப்பு பெட்டியில் புகை வாங்கும் வசதி படைத்தவனுக்கு மட்டும் உரியதாகிவிடாமல், பீடிக் கட்டு வாங்குபவனுக்கும் புகையிலைப் பொட்டலம் வாங்குபவனுக்கும் கிட்ட வேண்டுமானால், எச்சரிக்கையும் வரியும் பழக்கத்தை விடத் துணைபுரியும் சிகிச்சையும் அவ்விருவரையே முதலில் நாடிச் செல்ல வேண்டும்.