ஓய்மாநாட்டு விருந்தும் ஒரு ரசாயன அறிஞரும்

மரக்காணத்து உப்பளங்களிலிருந்து திண்டிவனம் வரையில் பரந்து கிடக்கும் நிலம் சங்க காலத்தில் ஓய்மாநாடு என்று வழங்கியது. அந்நாட்டுத் தலைவனான நல்லியக்கோடனைச் சிறப்பித்து இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை, வறுமையுற்ற பாணனுக்கு வழிகாட்டும் நூல் என்றே பெரும்பாலோர் அறிவர். ஆயினும் உணவின் சரித்திரத்தில் நாட்டமுள்ளவர் அதன் 269 அடிகளையும் படிப்பாராயின், ஒவ்வொரு நிலத்து மக்களும் எதை எப்படிச் சமைத்து உண்டனர் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாசனம் கிடைப்பது அரிது என்று உணர்வார். மரக்காணத்தை ஒட்டியதென ஆராய்ச்சியாளர் கருதும் எயிற்பட்டினத்தில் பரதவர் கள்ளும் சுட்ட குழல்மீனும் அளிக்கின்றனர். முல்லை நிலத்து வேலூரில் புளியிட்ட சுடுசோறு காட்டுப்பசுவின் சூட்டிறைச்சியுடன் வருகிறது. மருத நிலத்து ஆமூரில், இரும்புப் பூண் தேயுமளவுக்கு உலக்கையால் குற்றித் தீட்டிய அரிசியின் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு உழவர் வீட்டுப் பெண் படைக்கிறாள். இவற்றுக்கு முன்னே புலவர் காட்டும் பாணனின் சமையலறையோ நெஞ்சை வருத்துவது: அங்கே குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி உப்பின்றி வேகவைத்து, அயலார் பார்த்துவிடுவரோ என்னும் நாணத்தால் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறார்கள்.

இத்தகைய இலக்கியச் சான்றுகளைப் புதைபொருள், கல்வெட்டு, யாத்திரிகர் குறிப்பு, தாவர சாஸ்திரம் ஆகியவற்றோடு ஒருங்கே வைத்து, பாரத தேசத்து உணவுக்கு ஒரு முறையான வரலாறு எழுத முனைந்தவர் கே. டி. அச்சயா. 1923-ல், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகாலத்தில் பிறந்த அவர், தொழிலால் சரித்திராசிரியர் அல்லர்; எண்ணெய்களையும் கொழுப்புகளையும் ஆராய்ந்த ரசாயன விஞ்ஞானி. லிவர்பூலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் திரும்பி, ஹைதராபாத்திலிருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். முதுமையை நெருங்கிய காலத்தில்தான் அவருடைய பெரிய நூல்கள் வெளிவந்தன: இந்திய உணவின் வரலாற்றுத் துணைநூல் 1994-லும், உணவு வரலாற்று அகராதி 1998-லும். 2002-ல் அவர் காலமானார்.

அச்சயாவின் துணிவுக்கும் அத்துணிவின் எல்லைக்கும் இட்டலியைப் பற்றிய அவருடைய அபிப்பிராயமே தக்க உதாரணம். 10-ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையில் அதன் பெயர் வருகிறது; எனினும் பழைய குறிப்புகள் உளுந்தை மட்டுமே சொல்லுகின்றன என்றும், அரிசி சேர்த்தல், இரவெல்லாம் புளிக்கவைத்தல், ஆவியில் வேகவைத்தல் ஆகிய மூன்றும் பிற்காலத்தவை என்றும், புளிக்கவைக்கும் கலை இந்தோனேசியத் தீவுகளிலிருந்து அரசர்களோடு வந்த சமையற்காரர் மூலம் இங்கே பரவியிருக்கலாம் என்றும் அவர் அனுமானித்தார். அரிசி எது, உளுந்து எது, புளிப்பு எது எனப் பண்டத்தை அதன் கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வயது கேட்ட முறை போற்றத்தக்கது. கடைசிப் படிக்கு மட்டும் நேரான சான்று இல்லை. நூல்களில் எழுதப்படாமலே ஏழைகளின் அடுப்பில் வழங்கிவந்த பக்குவங்கள் எத்தனையோ இருந்திருக்கக் கூடுமாதலால், நான் அதை ஏற்கத் தயங்குகிறேன்.

எண்ணெயைப் பற்றி அவர் எழுதியவற்றில் அத்தகைய தயக்கத்துக்கு இடமே இல்லை. 1993-ல் செக்கைப் பற்றி மட்டுமே ஒரு தனி நூல் வெளியிட்டார். கல்லுரலில் எள்ளைக் கொட்டி, மாடு சுற்றிவர மர உலக்கை அதை நசுக்கும்போது, சிறிது ஈரம் சேராவிட்டால் எண்ணெய் எளிதில் பிரியாது. வாணியர் இடையே நீர் தெளிப்பதும் கருப்பட்டி போடுவதும் வெறும் சம்பிரதாயமல்ல. அச்சயா போன்றவர் செக்கடியில் நின்று பார்த்தது, தம் ஆய்வுக்கூடத்தில் கண்ட அதே சாஸ்திரத்தைத்தான்.

மரக்காணமும் திண்டிவனமும் அடங்கிய விழுப்புரம் வட்டாரத்து உணவில் மிகப் புதியதும் மிகப் பரவியதுமான பொருளும் எண்ணெயோடு சம்பந்தப்பட்டதே. இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. மிளகாயைப் போலவே கொலம்பஸின் கடற்பயணங்களுக்குப் பின்னரே அது இங்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காட்டின் செம்மண் புஞ்சைகளில் அது விரைவாகப் பரவி, புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறி, பிரான்ஸ் தேசத்து மார்சேய் நகரத்தின் எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்புத் தொழிலுக்கும் சென்றது. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே 1879-ல் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் அந்த வாணிபத்துக்கு வழி இன்னும் எளிதாயிற்று. பிற தேசத்தாரின் விளக்குக்கும் சவர்க்காரத்துக்குமாகப் பயிரான கடலை, நம் வீட்டுத் தாளிப்பிலும் சட்டினியிலும் நுழைந்து நல்லெண்ணெய்க்கு இருந்த இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது.

திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. 2 என்னும் கடலை ரகம் குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு 1940-ல் வெளியாயிற்று. தமிழ்நாட்டைத் தாண்டி ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல தலைமுறை விவசாயிகள் அதையே விதைத்தார்கள். அரசர்களின் பந்தியைக் குறித்து வைத்த கிரந்தங்களுக்குக் கிடைக்கும் மதிப்பு இத்தகைய ரகங்களைப் பற்றிய விதைக் குறிப்பேடுகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. இவற்றையும் செக்கு வைத்திருந்த குடும்பங்களின் நினைவுகளையும் சேர்த்துத் தென்னாற்காட்டு எண்ணெயின் சரித்திரத்தைத் தமிழிலேயே எழுத ஒருவர் முன்வர வேண்டும். செக்காட்டிய கடைசித் தலைமுறையினர் இப்போது முதியவர்களாகிவிட்டார்கள்.