தூண்டிற்காரரின் குறிப்பேடும் காவிரியின் பொம்மீனும்

சிவனசமுத்திர அருவிக்குக் கீழே மலைகளின் நடுவே புகுந்து, மேகதாதுவின் குறுகிய பாறை இடுக்கைக் கடந்து, ஒகேனக்கல்லை நோக்கி இறங்கும் காவிரி, பிழைப்புக்காக அன்றி விருப்பத்துக்காகத் தூண்டில் போடுவோர் தொலைதூர நாடுகளிலிருந்தும் தேடிவந்த ஆறாக நெடுங்காலம் விளங்கியது. அவர்களை அங்கே இழுத்துவந்தது, மஹ்சீர் என்று பொதுவாக அறியப்படுவதும் தமிழில் பொம்மீன் என்று வழங்கப்படுவதுமான பெரிய ஆற்றுமீன். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீனுக்கு வாயில் பற்கள் கிடையா. தொண்டைக்குள் அமைந்த பற்களால் நத்தையையும் நண்டையும் நொறுக்கித் தின்னும். பெரும்பாறைகளுக்கு இடையே சுழித்தோடும் வேகமான நீரில் வாழ்வதால், தூண்டிலில் சிக்கிய கணத்தில் அது ஓடும் ஓட்டத்துக்கு இணையாக வேறு நன்னீர் மீனைச் சொல்வது கடினம் என்பது அதைப் பிடித்தவர்களின் கருத்து. சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்த ஹென்றி சலிவன் தாமஸ் 1873இல் வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூல், அவரது நாட்டுச் சால்மன் மீனைவிட இதையே போராட்டத்தில் உயர்ந்ததாக வைத்தது. 1919இல் காவிரியில் ரிவெட்-கார்னக் என்ற ராணுவ அதிகாரி 119 பவுண்டு எடையுள்ள மீனையும், 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுள்ள மீனையும் பிடித்தார்கள்.

அக்காலத்தில் பிடிபட்ட மீன் கொல்லப்பட்டது. அதன் தலையோ தோலோ சுவரில் மாட்டப்பட்டது. பிடித்த மீனை உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிடுவது நாகரிகம் என்னும் எண்ணம் பின்னரே பரவியது. விளையாட்டுக்குரிய ஒரு மீனை ஒரே முறை பிடித்து முடித்துவிடுவது வீண் என்று 1939இல் அமெரிக்கத் தூண்டிற்காரர் லீ வுல்ஃப் எழுதிய கருத்து, பல பத்தாண்டுகளுக்குப் பின் காவிரிக் கரையிலும் விதியாக நிலைபெற்றது. எனினும் விட்டுவிடுவதனாலேயே மீன் பிழைத்துவிடும் என்று கொள்வதற்கில்லை. அது பிழைக்குமா என்பது பெரும்பாலும் தூண்டிற்காரர் கையில் வைத்திருக்கும் கருவியாலும், அவர் அதைக் கையாளும் முறையாலும், மீன் கரைக்கு வருவதற்கு முன்பே தீர்மானிக்கப்படுகிறது. தூண்டில் ஒழுக்கம் பற்றிப் பேசுவோர் கருவியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

தூண்டிற்கோலின் வேலை மீனை இழுப்பது மட்டுமன்று, வளைவதும் ஆகும். மீன் திடீரெனத் திமிறும்போது கோல் வளைந்து அந்த அதிர்வை வாங்கிக்கொள்வதால்தான் தூண்டில் நரம்பு அறாமல் தப்புகிறது. முக்கோண வடிவில் சீவிய ஆறு மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த கோல்கள் ஒரு காலத்தில் சிறந்தவையாகக் கருதப்பட்டன. பின்னர் கண்ணாடி இழையும், இப்போது கார்பன் இழையும் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன. கோலின் அடியில் பொருத்தப்படும் ரீலுக்குள் இழுவைத் தடை என்னும் அமைப்பு உண்டு. நரம்பு தாங்கக்கூடிய அளவைவிடக் குறைவான ஓர் இழுப்புக்கு அதைத் திருகி வைத்தால், மீன் அதற்குமேல் இழுக்கும்போது ரீல் வழுக்கி நரம்பை வெளியே விடும். மீனோ ஒவ்வோர் அடியையும் அந்தத் தடைக்கு எதிராக உழைத்தே பெற வேண்டியிருக்கும். ஒரே மூச்சில் ஓட்டத்தோடு நெடுந்தூரம் ஓடிவிடும் பொம்மீனுக்கு இருநூறு மீட்டருக்குக் குறையாத நரம்பு ரீலில் இருந்தாக வேண்டும். நைலான் வந்ததிலிருந்து பட்டு நூல் மறைந்தது. நைலானைவிட மெல்லியதாகவும் வலுவாகவும் உள்ள பின்னல் நரம்புகள் இன்று கிடைத்தாலும், பாறை விளிம்பில் உரசினால் அவை விரைவில் அறுந்துவிடும் என்பதால், காவிரியில் தடித்த நைலானையே பலர் விரும்பினர்.

மெல்லிய நரம்பில் பெரிய மீனைப் பிடிப்பதே திறமை என்ற எண்ணம் தூண்டிற்காரர் பலரிடம் உண்டு. பிடித்து விடும் முறையில் அந்த எண்ணம் தவறானது. போராட்டம் நீள நீள, மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. நீர் வெதுவெதுப்பாக இருக்கும் கோடையில் அதில் கரைந்துள்ள பிராணவாயுவும் குறைவு என்பதால், களைத்த மீன் மூச்சை மீட்க இயலாமல், நீந்திச் சென்றதுபோல் தோன்றினாலும் பின்னர் எங்கோ இறந்துபோகலாம். மீனின் அளவுக்கேற்ற வலுவான கோலையும் நரம்பையும் கொண்டு அதை விரைவாகக் கரைக்குக் கொணர்வதே அதற்குச் செய்யும் முதல் மரியாதை.

தூண்டில் முள்ளைப் பற்றியும் இவ்வாறே சொல்ல வேண்டும். முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே, பின்னோக்கி நிற்கும் சிறு கூர் ஒன்று உண்டு. குத்திய முள் கழன்றுவிடாமல் அது தடுக்கிறது, ஆனால் கழற்றும்போது சதையைக் கிழிக்கிறது. அந்தக் கூரைக் குறடால் நசுக்கிவிட்டு மீன் பிடிப்பவர், நரம்பைத் தளரவிடாமல் வைத்திருக்கும் பொறுப்பைத் தம் கைக்கே மாற்றிக்கொள்கிறார். நுனி உட்பக்கமாக வளைந்த வட்ட முள், மீன் இரையை விழுங்கினாலும் தொண்டையில் மாட்டாமல் வழுக்கிவந்து வாயின் ஓரத்தில் பிடிக்கும். உயிருள்ள இரையோ புழுவோ பயன்படுத்துவோர் இதைத் தேர்ந்தால், ஆழ விழுங்கிய முள்ளால் இறக்கும் மீன்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும்.

காவிரியின் புகழ்பெற்ற இரை மிக எளியது. கேழ்வரகு மாவைப் பிசைந்து உருட்டி, வேகவைத்துக் கெட்டிப்படுத்திய உருண்டையை முள்ளில் பொதித்து மடுவில் எறிவார்கள்; ஓட்டம் அதை அடித்துச் செல்லாமலிருக்க ஈயக் கம்பியை நரம்பின்மேல் சுற்றிவிடுவார்கள். கம்பி பாறை இடுக்கில் சிக்கினால் சுற்றுப் பிரிந்து கழன்றுகொள்ளும், மீன் தப்பாது. கருவி என்ற அளவில் இது நுட்பமான யோசனைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆற்றின் அடியில் ஈயம் எஞ்சுகிறது. இங்கிலாந்தில் அன்னங்கள் சிறு ஈயக் குண்டுகளை விழுங்கி நஞ்சேறி இறந்ததால், 1987இல் சிறிய அளவிலான ஈயக் குண்டுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. காவிரியில், பாறைக்குப் பின்னே மாட்டிக்கொண்ட நரம்பை விடுவிக்கவும், ஓடும் மீனைத் தொடரவும் பரிசல்தான் உதவியது. ஆற்றின் ஒவ்வொரு சுழலையும் அறிந்த உள்ளூர்ப் பரிசல்காரர் இல்லாமல் எந்த வெளியூர்க்காரரும் அங்கே பெரிய மீனைக் கண்டதில்லை என்று கூறினால் அது மிகையாகாது.

மீன் அருகில் வந்தபின் கடைப்பிடிக்க வேண்டியவை அதன் உடலமைப்பிலிருந்தே பெறப்படுபவை. மீனின் மேல் படிந்துள்ள வழுவழுப்பான படலம் பூஞ்சையும் கிருமியும் அண்டாமல் காக்கிறது. உலர்ந்த கையும், சுடுமணலும், முடிச்சுகள் உள்ள முரட்டு வலையும் அதை உரித்துவிடும் என்பதால், கையை நனைத்துக்கொண்டு, இயன்றவரை மீனை நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்ற வேண்டும். கனத்த மீனைத் தாடையால் தூக்கித் தொங்கவிட்டால் அதன் உள்ளுறுப்புகளும் முதுகெலும்பும் நலிவுறும். விடும்போது தலையை ஓட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்தால் நீர் வாய்வழியே புகுந்து செவுள்களைக் கடக்கும். மீன் தானாகவே கையை உதறிச் செல்லும் வரை பொறுத்திருக்க வேண்டும். காவிரிக் கரையில் ஒரு காலத்தில், மீனின் உதட்டில் கயிறு கோத்து, அது களைப்பாறட்டும் என்றும் படம் எடுக்கலாம் என்றும் நெடுநேரம் கட்டிவைக்கும் பழக்கம் இருந்தது. நல்லெண்ணத்தால் எழுந்ததாயினும் அது கைவிடத்தக்க பழக்கமே.

தூண்டிற்காரர் தமக்குள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு எழுதப்படாதது, ஆயினும் கண்டிப்பானது. முதலில் வந்தவருக்கே மடு உரியது. அவரிடம் கேட்காமல் அதில் இரை எறிவதில்லை. பக்கத்தில் இருப்பவரின் தூண்டிலில் பெரிய மீன் சிக்கினால், மற்றவர்கள் தங்கள் நரம்பைச் சுருட்டிக்கொண்டு வழிவிடுவர். அறுந்த நைலான் துண்டு மக்காது; பறவையின் காலிலும் ஆமையின் கழுத்திலும் அது சுற்றிக்கொள்ளும் என்பதால், பிறர் விட்டுச் சென்றதையும் சேர்த்துப் பொறுக்கி எடுப்பது நல்ல தூண்டிற்காரரின் அடையாளமாகக் கருதப்படுகிறது.

இவற்றையெல்லாம்விட மதிப்புமிக்கதாக முடிந்த வழக்கம் ஒன்று உண்டு; அது குறிப்பேடு எழுதுவது. காவிரியின் கரையில் பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமாக்கலி ஆகிய இடங்களில் இருந்த தூண்டில் முகாம்களுக்கு வந்தவர்கள் பிடித்த ஒவ்வொரு மீனையும் விட்டுவிட வேண்டும் என்பதும், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன எடையில் எத்தனை மீன் கிடைத்தன என்பதை எழுத வேண்டும் என்பதும் நடைமுறையாயின. காலிபோரேயில் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட பதிவுகளை ஏட்ரியன் பிண்டரும் ராஜீவ் ராகவனும் அவர்களுடன் பணியாற்றிய ஆய்வாளரும் தொகுத்தபோது, 23,620 மணி நேர உழைப்பில் 6,161 மீன்கள் பிடித்து விடப்பட்டிருந்தன. அவை ஒரு பவுண்டிலிருந்து 104 பவுண்டு வரை எடையுள்ளவை. மணிக்கு இத்தனை மீன் என்ற கணக்கு ஆண்டுதோறும் ஏறிவந்தது, சராசரி எடையோ இறங்கிவந்தது. சிறு மீன்கள் பெருகுகின்றன, எனவே ஆறு செழிக்கிறது என்றே இதை முதலில் கொள்ளத் தோன்றும்.

உண்மை வேறாக இருந்தது. காவிரியின் சொந்த மீன், ஆரஞ்சு நிறத் துடுப்புகளும் முதுகில் திமிலும் கொண்டது. 1970கள் முதல் லோனாவ்லாவிலுள்ள டாடா மீன்குஞ்சு நிலையத்தில் வளர்க்கப்பட்ட நீலத் துடுப்பு மஹ்சீர், மீன்வளத்தைப் பெருக்கும் நோக்கத்துடன் காவிரி உட்படப் பல ஆறுகளில் விடப்பட்டது. அது 1839இல் புனேப் பகுதி ஆறுகளிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமான, வேறோர் ஆற்றின் இனம். குறிப்பேட்டில் பெருகியவை அந்த நீலத் துடுப்பு மீன்களே. திமில் மஹ்சீரைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, அது ஆண்டுக்கு ஆண்டு அருகியதுடன், கிடைத்தவையும் முதிர்ந்த பெரிய மீன்களாகவே இருந்தன. புதிய தலைமுறை தோன்றவில்லை என்பதே இதன் பொருள். ஆற்றை நேசித்தவர்கள் வரவேற்ற ஒரு நற்செயலே அதன் தனிச்சிறப்பான உயிரை நெருக்கியது என்பது வேதனைக்குரியது. அந்த உண்மையை வெளிக்கொணர்ந்ததும் தூண்டிற்காரர்களின் நேர்மையான எழுத்தே என்பது அவர்களுக்குப் பெருமை.

உலகம் ஒன்றரை நூற்றாண்டாக வியந்த அந்த மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை. அவ்வாண்டில்தான், காவிரி வடிநிலத்தைச் சேர்ந்த மோயாற்றில் எஞ்சியிருந்த மீன்களை ஆராய்ந்து, முன்பே கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவியே அது என்று ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் மீனியலாளர் ரெமாதேவியின் பெயரைத் தாங்கிய இனம் அது. அதே ஆண்டில் அது மிக அருகிய இனமாக, அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அணைகள், மணல் அள்ளுதல், வெடிவைத்து மீன் பிடித்தல் ஆகியவையும் அதன் வாழிடத்தைச் சுருக்கிவிட்டன.

காட்டுயிர்ச் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டையே என்ற விளக்கத்தால் காவிரி முகாம்களில் மீன்பிடிப்பு நின்றது. காட்டுயிருக்கான சட்டம் என்ற வகையில் அதன் நோக்கம் சரியானது. ஆனால், முகாம்கள் வேலைக்கு அமர்த்திய உள்ளூர்க்காரர்களே வெடிவைப்போரிடமிருந்து ஆற்றைக் காத்துவந்தனர் என்பதையும், முகாம்கள் நின்றபோது அந்தக் காவலும் அந்தக் குறிப்பேடும் ஒருசேர நின்றன என்பதையும் மறுக்க முடியாது. நீலகிரியின் வரலாறு இதற்கு ஒரு முன்னுதாரணம் தருகிறது: அங்கே வேட்டைக்காரர்களே 1877இல் சங்கம் அமைத்து, 1879ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையுடன், உரிமச்சீட்டும் வேட்டை மூடும் பருவமும் வகுத்து, தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள், அச்சங்கம் பின்னாளில் காட்டுயிர் பாதுகாப்புச் சங்கமாகவே மாறியது. தடைவிதிப்பதோடு நில்லாமல், ஆற்றை அறிந்தவர்களைக் கண்காணிப்பில் சேர்த்துக்கொள்ளும் வழியைக் காவிரிக்கும் காண வேண்டும்.

தமிழ்நாட்டில் தூண்டிலை எடுத்துக்கொண்டு அணைக்கோ ஆற்றுக்கோ செல்லும் இளைஞர்கள் இன்று பெருகியுள்ளனர். அவர்கள் முதலில் அந்த நீர்நிலையில் தூண்டில் போட அனுமதி உண்டா என்று மீன்வளத் துறையிடமும், காட்டுப்பகுதியாயின் வனத்துறையிடமும் கேட்டறிய வேண்டும். முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் ஊடே ஓடும் மோயாற்றைத் தொடவே கூடாது. பிடித்த மீனின் இனம், எடை, நாள், இடம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். எவ்வளவு நல்ல நோக்கம் இருந்தாலும், வேறோர் இடத்து மீனையோ வீட்டுத் தொட்டி மீனையோ எந்த ஆற்றிலும் விடாதிருக்க வேண்டும்.