வரிசை தானாக வராது, கேட்டால்தான் வரும்!

பள்ளிக் கணினிக் கழகத்துக்கு நீங்கள்தான் செயலாளர் என்று வைத்துக்கொள்வோம். புதிர்ப்போட்டி எழுதிய 40 மாணவர்களின் மதிப்பெண்களைத் தரவுத்தளத்தில் பதிந்து வைத்திருக்கிறீர்கள். அடுத்த சுற்றுக்கு முதல் 10 பேரை அனுப்ப வேண்டும். "பட்டியலை எடுத்துக் கொடுங்கள்" என்கிறார் ஆசிரியர். ஒரு நிமிட வேலைதானே என்று தோன்றும். அந்த ஒரு நிமிடத்தில் தகுதியுள்ள ஒருவர் விடுபட்டுப் போகவும் கூடும்.

எஸ்.பி.எம். தேர்வுக்குக் கணினி அறிவியல் எடுக்கும் மாணவர்கள் எஸ்கியூஎல் மொழியில் 'செலக்ட்' கட்டளையைப் படிக்கிறார்கள். அதன் இறுதியில் வரும் 'ஆர்டர் பை' என்ற இரண்டு சொற்களைப் பலர் அலங்காரம் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் வரிசைக்கு உத்தரவாதம் தருவது அது ஒன்றுதான்.

தொடர்புசார் தரவுத்தளத்தின் அடிப்படையை 1970-இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் வகுத்தார். அவர் அட்டவணையைக் கணிதத்தில் வரும் கணம் போலக் கருதினார். கணத்தின் உறுப்புகளுக்கு முன்பின் கிடையாது. அட்டவணையின் வரிகளுக்கும் அப்படியே. நீங்கள் பதிந்த வரிசையிலேயே விடை வந்தால் அது தற்செயல். நாளை வேறு மாதிரி வரலாம்.

இது வெறும் கோட்பாடு அல்ல. மைஎஸ்கியூஎல்லின் 5.7 வரையிலான பதிப்புகளில், 'குரூப் பை' என்று தொகுத்தாலே விடை பெரும்பாலும் வரிசையாகவும் வந்தது. 2018-இல் வெளிவந்த 8.0 பதிப்பில் அந்தப் பழக்கம் நீக்கப்பட்டது. அதை நம்பி 'ஆர்டர் பை' எழுதாமல் விட்ட நிரல்களில் வரிசை கலைய வழி பிறந்தது.

சரி, 'ஆர்டர் பை மதிப்பெண் டெஸ்க்' என்று இறங்கு வரிசையில் கேட்டுவிட்டீர்கள். இனிக் கவலை இல்லையா? மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, மதிப்பெண் எந்த வகையில் பதியப்பட்டிருக்கிறது? எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிந்திருந்தால், கணினி இடமிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடும். விடை 95, 9, 88, 100 என்று வரும். முழு மதிப்பெண் பெற்றவர் கடைசி!

இரண்டாவது, போட்டிக்கு வராதவரின் கட்டம் காலியாக, அதாவது 'நல்' என்று இருக்கும். போஸ்ட்கிரெஸ் அதை எல்லா மதிப்புகளையும் விடப் பெரியதாகக் கருதுகிறது. எனவே இறங்கு வரிசையில் வராதவரே முதலிடம் பிடிப்பார்! மைஎஸ்கியூஎல் இதற்கு நேர்மாறு. போஸ்ட்கிரெஸில் 'நல்ஸ் லாஸ்ட்' என்று சேர்த்தால் சிக்கல் தீரும்.

மூன்றாவது, பத்தாம் இடத்தில் மூவர் சம மதிப்பெண் பெற்றிருந்தால்? 'லிமிட் 10' என்று மட்டும் எழுதினால் அந்த மூவரில் ஒருவர்தான் வருவார். அவர் யார் என்பதற்கு எந்த நியாயமும் இருக்காது. குறைந்த நேரத்தில் முடித்தவருக்கு முன்னுரிமை என்பது போல ஒரு விதியைப் போட்டிக்கு முன்பே முடிவு செய்து, அதை 'ஆர்டர் பை'யில் இரண்டாவது பத்தியாகச் சேர்க்க வேண்டும்.

நமக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. கமலா, கவிதா, கனிமொழி என்பதுதான் நம் நெடுங்கணக்குப்படி சரியான வரிசை. ஏனெனில் மெய்யெழுத்துகளில் 'ன' கடைசி. யூனிகோடு எண்களை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் கனிமொழி முதலில் வந்துவிடுவார். இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் பொதுவான ஓர் அமைப்பின்படி எண் வழங்கப்பட்டதால், அங்கே 'ன' 'ந'வை அடுத்து நிற்கிறது. புள்ளி எழுத்துக்கும் இதே கதி. அகராதியில் 'பக்கம்' முன்னே, 'பகல்' பின்னே. எண் வரிசையில் இது தலைகீழ்.

இதற்கும் தீர்வு உண்டு. எழுத்துகளை எந்த மொழியின் விதிப்படி ஒப்பிடுவது என்று சொல்லும் வசதிக்குக் 'கொலேஷன்' என்று பெயர். போஸ்ட்கிரெஸ் 2017-இல் வெளிவந்த பதிப்பு 10 முதல், ஐசியூ நிரலகத்தின் வழி தமிழுக்கான கொலேஷனையும் தருகிறது. தமிழ்ப் பெயர்ப் பட்டியலோ நூலகப் பட்டியலோ தயாரிப்பவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஐந்து நண்பர்களின் பெயர்களைத் தமிழில் பதிந்து, மதிப்பெண்களையும் கொடுங்கள். ஒருவரின் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இருவருக்குச் சம மதிப்பெண் கொடுங்கள். பட்டியல் எப்படி வரும் என்று முதலில் தாளில் எழுதுங்கள். பிறகு கட்டளையை இயக்கி ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தும்வரை கட்டளையைத் திருத்துங்கள். அதன்பின் ஆசிரியரிடம் கொடுக்கும் பட்டியலில் யார் ஏன் இடம்பெற்றார் என்று கேட்டால், உங்களால் பதில் சொல்ல முடியும்.