எட்டுக்காலுக்கு ஒரு பைலா

திருத்தணி ரயில் நிலையத்தில் மும்பை மார்க்கத்து வண்டியில் ஏறி உட்கார்ந்தால் ரேணிகுண்டா, கடப்பா, தாடிபத்ரி எல்லாம் தாண்டிக் குத்தி வரும். தெலுங்கில் குத்தி, வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தது கூட்டி. அந்த ஊர் ரயில்வே மரக்கிடங்கில் அகப்பட்ட சிலந்தியை வைத்து ஆர்.ஐ. போக்காக் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் 1899-இல் ஒரு புதிய இனத்தை விவரித்தார். காலை விரித்தால் உள்ளங்கையை மறைக்கும் அளவு. மயில் கழுத்து நீலம். பெயர் பொசிலோதீரியா மெட்டாலிகா. அதற்குப் பிறகு 102 ஆண்டுகள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2001-இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவிலுள்ள காட்டில் மறுபடி கண்ணில் பட்டது. குத்தியிலிருந்து அந்தக் காடு ஏறத்தாழ 100 கி.மீ. வெட்டிய மரத்தோடு ரயிலேறி வந்த சிலந்தியைத்தான் போக்காக் பார்த்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு காட்டில் கண்டதை "இதுதான் அது" என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், பழைய மாதிரியும் அதோடு இருந்த குறிப்பும் ஓர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்ததுதான். தனி மனிதரால் அவ்வளவு காலம் ஒரு பாட்டிலைக் காப்பாற்ற முடியாது. ஆள் மாறினாலும் பொறுப்பு மாறாத ஓர் அமைப்பு வேண்டும். அந்த அமைப்பைக் கட்டி நிறுத்துவது அதன் விதிகள். அந்த விதிகளை நம் ஊர்ப் பக்கம் பைலா என்பார்கள்.

திருத்தணியில் நாளைக்கே ஏழு பேர் கூடிச் சிலந்தி ஆய்வுக்கென்று ஒரு சங்கம் தொடங்க நினைத்தால் பைலாவில் என்ன எழுத வேண்டும்? வீண் கற்பனை இல்லை. 1883-இல் பம்பாயில் எட்டுப் பேர் கூடித் தொடங்கியதுதான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். சென்னையில் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978-இலிருந்து நடக்கிறது. சிலந்திக்கென்றே ஜப்பானில் 1936-இலும் அமெரிக்காவில் 1972-இலும் சங்கங்கள் தோன்றின. இந்தியச் சிலந்தியியல் சங்கம் மகாராஷ்டிரத்து அமராவதியை மையமாக வைத்து இதழும் நடத்தியிருக்கிறது. கொச்சி தேவராவின் சேக்ரட் ஹார்ட் கல்லூரியில் சிலந்திக்குத் தனி ஆய்வுப் பிரிவு உண்டு. இந்தியாவில் பதிவான சிலந்தி இனங்கள் 1,800-ஐத் தாண்டிவிட்டன. உலகப் பட்டியல் 2022 ஏப்ரலில் 50,000-ஐத் தொட்டது. அந்த ஐம்பதாயிரமாவது, தென் அமெரிக்காவின் ஒரு தாவும் சிலந்தி.

முள்வேலியில் ஒரு குடியிருப்பு

திருத்தணியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை ஊருக்கு வெளியே ஒரு முள்வேலி ஓரம் கூட்டிப் போக வேண்டும். இந்தப் பக்கத்து வறண்ட முட்புதர்களில் தேடினால், அழுக்குப் பஞ்சை உருட்டிக் கிளையில் சொருகியது போல ஒரு கூடு தட்டுப்படும். கிட்டப் போனால் பஞ்சுக்குள் காய்ந்த இலைகள், வண்டுகளின் ஓடுகள், வெட்டுக்கிளியின் ஒற்றைக் கால். கூட்டிலிருந்து பக்கத்துக் கிளைகளுக்கு விரித்த வலை சாம்பல் பூத்துக் கிடக்கும். அதில் பசையே இல்லை. சீப்பால் வாரியது போன்ற நுண்ணிழைகள்தான் பூச்சியின் காலைச் சிக்க வைக்கின்றன. ஒரு வெட்டுக்கிளி விழுந்து துடித்தால் கூட்டின் துளைகளிலிருந்து ஒன்று, மூன்று, பத்து என்று சிலந்திகள் இறங்கி வந்து சேர்ந்தே இழுத்துப் போகும். இது ஸ்டெகோடைபஸ் சரசினோரம். சிலந்தி என்றாலே தனிக்காட்டு ராஜா என்ற நினைப்பைக் கலைத்துவிடும் இனம். நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டில் வாழும். தாய் கடைசியில் தன் உடலையே குஞ்சுகளுக்கு இரையாகக் கொடுத்துவிடும்.

வேங்கை, புளிய மரப்பட்டையில் இரட்டை வால் சிலந்தி, வீட்டுச் சுவரில் வேட்டைச் சிலந்தி, பழைய மண்டபத்து மூலையில் நெட்டைக்கால் சிலந்தி என்று தேடத் தேட வரும். அதெல்லாம் நம் கண்ணுக்கு வெறும் ஒட்டடை. திருவானைக்காவில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்தியைக் கோச்செங்கட் சோழனாகப் பிறக்க வைத்தது நம் மரபு. ஸ்ரீகாளஹஸ்தியின் பெயரிலேயே முதல் எழுத்தான ஸ்ரீ சிலந்திக்கு. அப்படிப்பட்ட மண்ணில் சிலந்தியின் பெயர் சொல்ல ஆளில்லாமல் இருப்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

சட்டம் கேட்பது

தமிழ்நாட்டில் சங்கப் பதிவுக்கு ஆதாரம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். அதன் விதிகள் 1978-இல் வந்தன. அறிவியல் வளர்ச்சி என்பது சட்டம் ஏற்கும் நோக்கங்களில் ஒன்று. குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட வேண்டும். பெயர், நோக்கம், நிர்வாகிகளின் விவரம் அடங்கிய குறிப்பும் பைலாவும் மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். செயற்குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது; பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. பைலாவைத் திருத்த வேண்டுமானால் 21 நாள் முன்னறிவிப்போடு பொதுக்குழு கூட்டி, வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு சிறப்புத் தீர்மானம் போட வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்கு, மினிட் புத்தகம். இவற்றுக்கு எந்த ஜெராக்ஸ் கடையிலும் அச்சடித்த மாதிரி கிடைக்கும். மனமகிழ் மன்றத்துக்கும் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கும் அதே மாதிரிதான். அதைப் பெயர் மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பதிவு ஆகிவிடும். ஆனால் சிலந்தியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. பைலாவின் உயிரான பகுதியை நாம்தான் உட்கார்ந்து எழுத வேண்டும்.

முதலில் நோக்கம். சிலந்தி மட்டுமா, அதன் உறவினமுமா? சிலந்தி பூச்சியே அல்ல. ஆறு கால் பூச்சிகளோடு சேராத வேறு வகுப்பு. தேள், உண்ணி, பேன்சிலந்தி எல்லாம் அந்த வகுப்புக்குள் வரும். அமெரிக்கச் சங்கம் இந்த வகுப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டது. நம் பக்கத்துக் கல்லைப் புரட்டினால் சிலந்தி ஒன்று என்றால் செந்தேள் ஒன்று. நோக்கத்தை அகலமாக எழுதிவிடுவதே நல்லது. பின்னால் தேள் ஆய்வுக்கு ஒரு மாணவி வந்தால் அதற்காகச் சிறப்புத் தீர்மானம் தேட வேண்டியிருக்காது.

மொழியையும் விட்டுவிடக் கூடாது. எல்லைப்புற ஊர். உறுப்பினர்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பைலாவின் மூலம் தமிழில்; தெலுங்கில் ஒரு பெயர்ப்பு எல்லோர் கையிலும். சந்தேகம் வந்தால் எது செல்லும் என்று ஒரு வரி.

பாட்டிலும் சீட்டும்

படம் எடுத்தால் போதாதா, கொல்ல வேண்டுமா என்பது புதிதாக வருகிறவர் எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. கோயில் மலையடிவாரத்தில் அது இன்னும் கனமாக விழும். பல சிலந்தி இனங்களை நிறத்தையோ உருவத்தையோ வைத்துப் பிரிக்க முடியாது. வளர்ந்த ஆண், பெண்ணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். அதனால் பைலா இரண்டையும் சொல்ல வேண்டும்: அடையாளம் தெரிந்த இனத்துக்குப் படம் போதும், தெரியாததற்கு வளர்ந்த ஒரு ஆண், ஒரு பெண், அதற்கு மேல் இல்லை. முட்டைப் பையோடு இருக்கும் தாயைத் தொடக் கூடாது. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. மலைக்கோயில் இடத்தில் தேவஸ்தானத்தைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. நகரி பக்கம் போனால் அது ஆந்திரம். அங்கே தமிழ்நாட்டு அனுமதிக் கடிதம் செல்லாது.

எடுத்ததை 70 முதல் 80 சதவீத எத்தனாலில் போட்டு வைக்க வேண்டும். ஸ்பிரிட் வாங்கி இருப்பு வைப்பது தமிழ்நாட்டில் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் கட்டுப்பாட்டில் வருகிறது. ஏழு பேர் சங்கம் அந்த உரிமத்துக்கு அலைவதைவிட, உரிமமுள்ள ஒரு கல்லூரி ஆய்வகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்வது சுலபம். "பாட்டில் சங்கத்துடையது, அலமாரி கல்லூரியுடையது" என்று அதில் பச்சையாக எழுதிவிட வேண்டும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு கல்லூரியில் ஓய்வு பெற்ற பேராசிரியரின் அலமாரியைத் திறந்தபோது உடன் இருந்தேன். முப்பது நாற்பது குப்பிகள். மூடி இறுகாததால் ஸ்பிரிட் ஆவியாகி, சிலந்திகள் அடியில் சருகாக ஒட்டிக் கிடந்தன. ஒரு குப்பிக்குள் மட்டும் பென்சிலில் எழுதிய சீட்டு அப்படியே தெளிவாக இருந்தது. ஊர், தேதி, மரத்தின் பெயர் வரை. சிலந்திதான் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாக் குப்பியையும் பார்த்து ஸ்பிரிட் நிரப்புவது யாருடைய வேலை என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அவை பிழைத்திருக்கும். அந்தப் பொறுப்புக்குத் தலைவர், செயலாளருக்கு இணையாக ஒரு காப்பாளர் பதவியைப் பைலாவிலேயே வைக்கச் சொல்வது அதனால்தான்.

சீட்டில் என்ன எழுதுவது என்பதற்குத் திருத்தணியே பாடம். இந்த மலை 1911 வரை வட ஆற்காடு மாவட்டம். பிறகு சித்தூர் மாவட்டம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து செங்கல்பட்டு மாவட்டம். 1997-இலிருந்து திருவள்ளூர் மாவட்டம். மலை நகரவில்லை, முகவரி நான்கு. 1955-இல் சரவணப் பொய்கைக் கரையில் ஒருவர் பிடித்த சிலந்தி ஏட்டில் ஆந்திரச் சிலந்தியாகத்தான் இருக்கும். ஆகவே மாவட்டம், மாநிலம் எழுதினாலும் அட்சரேகை, தீர்க்கரேகை கட்டாயம் என்று விதி வேண்டும். எந்தச் செடி, தரையிலிருந்து எவ்வளவு உயரம், வலையிலா பட்டைக்கடியிலா என்பதும் வேண்டும். குத்தி மரக்கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள்: கிடைத்த இடம் வேறு, வாழும் இடம் வேறாக இருக்கலாம்.

அதே குத்திச் சிலந்தி இன்னொரு விதியையும் கேட்கிறது. அந்த நீலத்துக்காகவே வெளிநாட்டில் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறார்கள். மிக அருகிவிட்ட இனம். 2019-இல் பொசிலோதீரியா பேரினம் முழுவதும் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. நிலைமை இப்படியிருக்க, அரிய சிலந்தி அகப்பட்ட மரத்தை ஜிபிஎஸ் புள்ளியோடு வாட்ஸ்அப் குழுவில் போடுவது பிடிப்பவனுக்கு வழிகாட்டுவதற்குச் சமம். துல்லியமான இடம் சங்கப் பதிவேட்டிலும் ஆய்வகத்திலும் இருக்கட்டும். வெளியே சொல்வது வட்டத்தின் பெயரோடு நிற்கட்டும். இதை மீறினால் உறுப்பினர் நீக்கம் வரை போகலாம் என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

யார் பெயர்?

முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது விலங்குப் பெயரிடலின் அடிப்படை. கணக்கு தொடங்குவது 1758-இல், லின்னேயசிடமிருந்து. சிலந்திக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: சுவீடன்காரர் கிளெர்க் 1757-இல் வெளியிட்ட சிலந்தி நூலை 1758 ஜனவரி 1-இல் வந்ததாகப் பாவித்து, லின்னேயசுக்கும் முந்திய உரிமையைச் சர்வதேச விதி அதற்குத் தருகிறது. உலகமே இவ்வளவு கவனமாகப் பார்க்கும் விஷயத்தில், நம் சங்கத்தில் சிலந்தியைக் கண்டுபிடித்த பிளஸ் டூ மாணவனின் பெயர் விட்டுப் போகக் கூடாது. புதிய இனம் என்று கட்டுரை வந்தால், பிடித்தவர் பெயர் சீட்டிலும் கட்டுரையிலும் இடம்பெற வேண்டும். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, புதிய இனத்தை அரசு குறிப்பிட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு அது இந்திய விலங்கியல் அளவைத்துறை.

கண்டதை எழுதிய களக் குறிப்பேடும் சங்கத்தின் சொத்து. 2020-இல் ஒரு அமெரிக்க இதழ் சமூகச் சிலந்திகளின் நடத்தை பற்றிய ஒரு கட்டுரையைத் திரும்பப் பெற்றது. நம் முள்வேலிச் சிலந்தியின் ஆப்பிரிக்க உறவினத்தைப் பற்றிய ஆய்வு அது. ஒரே எண்கள் திரும்பத் திரும்ப வந்திருப்பதை மூலத் தரவைத் தோண்டிப் பார்த்துச் சொன்னவர் கட்டுரையின் கூட்டாசிரியர்களில் ஒருவரே. மூலத் தரவு அவர் கைக்குக் கிடைத்ததால்தான் அது வெளியே வந்தது. குறிப்பேட்டின் பக்கத்தை அன்றன்றே படமெடுத்து இரண்டு இடத்தில் வைப்பது, கேட்கும் உறுப்பினர் யாருக்கும் காட்டுவது: இரண்டு வரி விதி.

மீதி இருப்பது கலைப்பு. சங்கம் தொடங்கும் அன்று யாரும் பேச விரும்பாத பிரிவு. சொத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, ஒத்த நோக்கமுள்ள வேறு அமைப்புக்குப் போக வேண்டும் என்பதை அச்சடித்த மாதிரியும் சொல்லும். அதன் கண்ணில் சொத்து என்பது பீரோ, நாற்காலி, வங்கி இருப்பு. நம்முடையது நம்பர் போட்ட குப்பிகள். அவை போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பெயரோடு எழுத வேண்டும்: சென்னை சாந்தோமில் உள்ள விலங்கியல் அளவைத்துறையின் தென்மண்டல மையம். பதிவேடும் களக் குறிப்பேடுகளும் கூடவே போக வேண்டும். கொண்டு போய்ச் சேர்க்கும் வண்டிச் செலவுக்கு முதல் ஆண்டுச் சந்தாவிலிருந்தே ஒரு தொகையை எடுத்துத் தொடாமல் தனியே போட்டு வைக்க வேண்டும்.