பழைய புல்வெட்டி, புதிய டிராக்டர்: மாட்டும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்கப் பண்ணைகளில் பழைய சிக்கிள் பார் மோவர்கள் இன்றும் கிடைக்கின்றன. டிராக்டரின் வலப்பக்கம் தரையை ஒட்டி ஆறேழு அடி நீண்டிருக்கும் கட்டர் பார்தான் அவற்றின் உயிர். அதில் 3 அங்குலத்துக்கு ஒன்றாக இரும்பு விரல்கள். முக்கோணக் கத்திகளை ரிவெட் அடித்த பட்டை ஒன்று அவற்றினூடே இடமும் வலமும் ஓடிப் புல்லை அறுக்கும். சலூனில் முடி வெட்டும் மெஷினும் இப்படித்தான் இயங்குகிறது. கிராங்கின் சுழற்சியைக் கத்திக்குக் கொண்டுபோவது பிட்மேன் என்ற கோல்.

1939இல் ஹாரி பெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் கொண்டுவந்த 9என் டிராக்டருக்குப் பிறகே ஹைட்ராலிக் மும்முனை இணைப்பு பரவலானது. அதற்கு முந்தைய மோவர்கள் பெரும்பாலும் பின்னால் இழுத்துச் செல்வதற்காகச் செய்யப்பட்டவை.

சட்டம்

அப்படிப்பட்ட மோவரை மும்முனை இணைப்பில் மாட்ட, அதன் இரண்டு கீழ்க் கைகளுக்கும் ஒரு டாப் லிங்குக்கும் பொருந்தும் இரும்புச் சட்டம் தேவை. சிறிய டிராக்டர்களின் முதல் வகை இணைப்பில் கீழ்ப் பின் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ. இதை எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். ஆனால் கட்டர் பார் ஒரு பக்கமாகவே இழுப்பதால் கீழ்க் கைகள் ஆடும். செக் செயினை இறுக்கியோ தாங்குகம்பி போட்டோ அந்த ஆட்டத்தை நிறுத்த வேண்டும்.

இயக்கம்

குதிரை இழுத்த மோவர் தன் சக்கரத்திலிருந்தே விசை எடுத்தது. அதை அப்படியே தூக்கி மாட்டினால் சக்கரம் தரையை விட்டு எழும், கத்தி நிற்கும். டிராக்டர் என்ஜினின் விசையைக் கருவிகளுக்குத் தரும் தண்டான பி.டி.ஓ.வில் ஓடும் மாதிரிதான் மாற்றுவதற்கு ஏற்றது. அதன் வேகம் நிமிடத்துக்கு 540 சுற்றா என்று முதலில் பாருங்கள். நீளும் ஷாஃப்ட் முழுக்கத் தூக்கினால் முட்டவும் கூடாது, முழுக்க இறக்கினால் கழலவும் கூடாது. உயரே தூக்குமுன் பி.டி.ஓ.வை நிறுத்திவிடுங்கள். ஷாஃப்டின் மூட்டுகள் அதிகக் கோணத்தில் மடிந்தால் உடையும்.

விலகலும் மிதப்பும்

கட்டர் பார் கல்லிலோ மரக்கட்டையிலோ இடித்தால் கொக்கி விடுபட்டு, பார் பின்னால் மடங்க வேண்டும். வேலையைச் சுருக்க நினைத்து அந்த இடத்தை வெல்டு அடித்துவிடக் கூடாது. அடித்தால் அடுத்த இடியில் கட்டர் பாரோ சட்டமோ வளையும். பாரின் கீலும் சுதந்திரமாக அசைய வேண்டும். முழுப் பாரத்தையும் ஹைட்ராலிக்கே தாங்கினால், டிராக்டரின் முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது பார் மண்ணைக் குத்தும், குழியில் இறங்கும்போது புல்லுக்கு மேல் எழும்.

கடைசி அளவுகள்

வெட்டும்போது புல்லின் எதிர்ப்பு பாரின் வெளிமுனையைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் நிற்கும்போதே வெளிமுனை அடிக்குக் கால் அங்குலம் முன்னால் இருக்க வேண்டும். 7 அடிப் பாருக்கு ஒன்றே முக்கால் அங்குலம். பிட்மேன் கோல் இரு எல்லைகளுக்கும் போகும்போது ஒவ்வொரு கத்தியின் நடுவும் ஒரு விரலின் நடுவோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். புல் சிக்கினால் என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

சட்டத்துக்கான இரும்பு எளிதில் கிடைத்துவிடும். கிராங்க் பெட்டி உடைந்திருந்தாலோ விலகும் கொக்கி இல்லாமலிருந்தாலோதான் செலவு ஏறும். ஆகவே மோவருக்கு விலை பேசும்போது முதலில் அந்த இரண்டையும் பாருங்கள்.