வாகன அம்ப்ளிபயருக்கு வயர்: மலிவு பார்த்து வாகனத்தை இழக்கலாமா?

யுத்த காலத்தில் வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு வானொலி கேட்பதே பெரும் பாடாக இருந்தது. மின்சாரம் இல்லை. வானொலிக்குப் போடும் பற்றரிகளும் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். அந்த டைனமோ தருவது அரை அம்பியர்தான். அதற்கு நூல் போன்ற வயரே போதுமாக இருந்தது.

இன்று வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு வீதிகளில் ஓடும் வேன்களில் பூட்டப்படும் பெரிய அம்ப்ளிபயர் ஒன்று 50 அம்பியர் வரை இழுக்கக்கூடியது. அதாவது நூறு மடங்கு. ஆனால் வயர் விடயத்தில் மட்டும் நம்மில் பலர் இன்னும் அந்தப் பழைய கணக்கிலேயே இருக்கிறோம். ஆயிரக்கணக்கில் செலவழித்து அம்ப்ளிபயரையும் ஸ்பீக்கரையும் வாங்குபவர், வயருக்கு வந்ததும் பேரம் பேசுகிறார். பூட்டுபவரும் வியாபாரம் கைநழுவக் கூடாது என்று கைக்குக் கிடைத்ததை இழுத்து விடுகிறார்.

இதனால் பாட்டுச் சத்தம் மட்டுமே கெடுவதாக இருந்தால் எழுத வேண்டிய அவசியமில்லை. கெடுவது வாகனம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பின்னர் தண்ணீரூற்று, நாச்சிக்குடா போன்ற ஊர்களுக்கு மீண்டு வந்த எமது குடும்பங்களில் ஓர் ஓட்டோவையோ வேனையோ நம்பியே அடுப்பெரிப்பவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கும் வேன்களுக்கும் 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்து விடப்பட்டது. லீசிங் கட்டி முடியாத வாகனம் ஒன்று வயர் சூடாகி எரிந்தால், அந்தக் குடும்பம் எழுந்து நிற்க எத்தனை வருடங்கள் ஆகும்?

எத்தனை அம்பியர்?

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 2000, 3000 வோட்ஸ் என்ற இலக்கத்தை நம்ப வேண்டாம். ஆர்.எம்.எஸ். என்று குறிப்பிட்டிருக்கும் வோட்ஸைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அம்ப்ளிபயரிலேயே செருகியிருக்கும் பியூஸ்களைக் கூட்டிப் பாருங்கள். 25 அம்பியர் பியூஸ் இரண்டு இருந்தால், அது இழுக்கக்கூடியது ஏறத்தாழ 50 அம்பியர். கணக்கு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எவ்வளவு தடிப்பு?

வயரின் தடிப்பை இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று அம்பியர், மற்றது நீளம். முன்னால் இருக்கும் பற்றரியில் இருந்து பின் ஆசனத்தின் கீழ் இருக்கும் அம்ப்ளிபயருக்கு 5 மீற்றர் வயர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு பிளக்கிற்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை அங்கே போட்டால், 50 அம்பியர் ஓடும்போது அந்த வயரிலேயே 1.75 வோல்ற் இழக்கப்படும். அதாவது 87 வோட்ஸ் சூடு. ஒரு சோல்டரிங் அயனை விடக் கூடிய சூட்டைக் கார்பெட்டுக்கு அடியில் ஒளித்து வைத்ததற்குச் சமம். பாட்டு ஏறி இறங்குவதால் எந்நேரமும் அவ்வளவு சூடு வராதுதான். ஆனால் வன்னி வெயிலில் நாள் முழுவதும் காய்ந்த வாகனத்தினுள், அதில் பாதியே போதும் வயரின் உறையை இளக வைக்க.

அதே இடத்தில் 16 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரைப் போட்டால் இழப்பு கால் வோல்ற் அளவில் நின்றுவிடும். சத்தமும் தெளிவாக இருக்கும், அம்ப்ளிபயரும் நீடித்து உழைக்கும்.

இதற்காக எல்லா வாகனத்திற்கும் தடித்த வயரை விற்று விடுவதும் நியாயமல்ல. சூன் பாண் விற்கும் ஓட்டோவில் இருக்கும் 30 வோட்ஸ் அம்ப்ளிபயர் இழுப்பது நான்கைந்து அம்பியர்தான். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரும் 10 அம்பியர் பியூஸும் அதற்குத் தாராளம்.

வெளியே செம்பு, உள்ளே அலுமினியம்

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல வயர்கள் முழுச் செம்பு அல்ல. அலுமினிய இழைக்கு மேல் செம்பு பூசியவை. அலுமினியத்தின் மின்தடை செம்பை விட ஏறத்தாழ 1.6 மடங்கு. ஆகவே 16 போட வேண்டிய இடத்தில் இந்த வயர் என்றால் 25 போட வேண்டும். இன்னும் சிலவற்றில் வெளி உறைதான் தடிப்பு, உள்ளே இருக்கும் இழைகள் சொற்பம்.

கண்டுபிடிப்பது இலகு. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வெளியே வெள்ளையாகவும் சுரண்டினால் சிவப்பாகவும் இருந்தால் அது ஈயம் பூசிய செம்பு, பயப்படத் தேவையில்லை. கையில் தூக்கினாலும் தெரியும். செம்பின் எடை அலுமினியத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்.

பெருமானார் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலினுள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. செம்பு பூசிய வயரை விற்பது குற்றமல்ல. அதைச் செம்பு என்று சொல்லி விற்பதுதான் அந்த ஈரத் தானியம்.

பியூஸ் எதைக் காக்கிறது?

அம்ப்ளிபயரில்தான் பியூஸ் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்கள் அதிகம். அந்தப் பியூஸ் காப்பது அம்ப்ளிபயரை மட்டும். பற்றரியில் இருந்து அம்ப்ளிபயர் வரை போகும் 5 மீற்றர் வயருக்குக் காவல் இல்லை. ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்துக் கிரவல் பாதைகளில் வாகனம் குலுங்கக் குலுங்க, தகட்டுத் துவாரத்தின் விளிம்பில் வயர் உரசி உறை தேய்கிறது. ஒருநாள் செம்பு தகட்டில் பட்டதும் பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டும். பற்றரியில் இருந்து 30 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் இருந்தால் அது எரிந்து அடங்கும். இல்லாவிட்டால் வயரே எரியும்.

ஆகவே தகட்டினூடாக வயர் போகும் ஒவ்வொரு துவாரத்திற்கும் றப்பர் வளையம் போடுங்கள். பெற்றோல் தாங்கிக்கும் எஞ்சின் சூட்டிற்கும் தூரமாக வயரை இழுங்கள். மேலே சொன்ன 50 அம்பியர் அம்ப்ளிபயருக்கும் 16 வயருக்கும் 60 அம்பியர் பியூஸ் பொருத்தம். எரிந்த பியூஸுக்குப் பதிலாக வயர்த் துண்டைச் சுற்றி விடுவது, காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது.

எர்த்தும் சிறு வயர்களும்

பிளஸ் வயர் எவ்வளவு தடிப்போ, எர்த் வயரும் அதே தடிப்பில் இருக்க வேண்டும். அரை மீற்றருக்குள், பெயின்ற் சுரண்டிய வெறும் தகட்டில், போல்ட் போட்டு இறுக்குங்கள். சீற் பெல்ட் போல்ட்டில் கட்ட வேண்டாம். ஓட்டோவில் தூரம் குறைவு என்பதால் எர்த்தை நேரே பற்றரியின் மைனஸுக்குக் கொண்டு போவதே நல்லது. அம்ப்ளிபயரைத் திறந்து மூடும் ரிமோட் வயரை ரேடியோவில் இருந்து எடுங்கள். பற்றரியில் நேரே கொடுத்தால் காலையில் வாகனம் ஸ்டார்ட் ஆகாது. சிக்னல் வயரை பவர் வயருக்கு மறுபக்கத்தால் இழுத்தால் எஞ்சின் இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்பது குறையும். வேலை தொடங்கும்போது முதலில் பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள், முடிந்ததும் கடைசியாகப் பூட்டுங்கள்.

பில்லில் எழுதுங்கள்

இத்தொழிலில் இறங்கியிருக்கும் எமது இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பில்லில் 'வயரிங்' என்று ஒரே சொல்லில் முடிக்காமல், எத்தனை மீற்றர், எத்தனை சதுர மில்லிமீற்றர், செம்பா அலுமினியமா, எத்தனை அம்பியர் பியூஸ் என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். கூலியையும் தனியே காட்டுங்கள். வயரின் உண்மையான விலை தெரிந்தால் வாடிக்கையாளர் பேரம் பேசுவது குறையும். அவர் மலிவான வயர்தான் வேண்டும் என்றால், அதற்கேற்ற சிறிய அம்ப்ளிபயரைச் சிபாரிசு செய்யுங்கள். பெரிய அம்ப்ளிபயருக்குச் சின்ன வயரை மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு வேலை கைநழுவினால் நழுவட்டும்.

திருக்குர்ஆனில் 83ஆவது சூராவுக்கு அளவில் மோசடி செய்வோரின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. அளவு என்பது அரிசிக்கும் சீனிக்கும் மட்டுமல்ல, கார்பெட்டுக்கு அடியில் மறைந்து போகும் வயருக்கும்தான். வாடிக்கையாளர் அதைத் தூக்கிப் பார்க்கப் போவதில்லை. அதனாலேயே அது எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.